காயத்தை உறிஞ்சும் மெஷின்: விபத்தில் சிதைந்த காலைக் காப்பாற்றுவது எது?

விபத்தில் கால் கிழிந்து, எலும்பு உடைந்து வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்க வரும் உறவினர்களின் கண் முதலில் போவது, கட்டிலின் ஓரத்தில் தொங்கும் அந்தச் சிறிய மெஷினின் மேல்தான். காயத்தின் மேல் வழக்கமான வெள்ளைக் கட்டு இல்லை. கறுப்பு நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு, அதன் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் படலம். அதிலிருந்து புறப்படும் குழாயின் வழியாகச் சிவப்பு கலந்த நீர் மெதுவாக நகர்ந்து ஒரு டப்பாவில் சேர்கிறது.

“ஏற்கனவே ரத்தம் போன உடம்பு. இன்னும் உறிஞ்சி எடுக்கிறார்களே, டாக்டரிடம் கேட்டீர்களா அண்ணி?” என்று ஒருவர் பதறுவார். “இந்த மெஷினை வைத்துவிட்டால் கால் நிச்சயம் தப்பிவிடும், கவலைப்படாதீர்கள்” என்று இன்னொருவர் தைரியம் சொல்வார்.

இரண்டு பேச்சும் சரியல்ல. மெஷின் ரத்தத்தை உறிஞ்ச வைக்கப்பட்டதல்ல. அது மட்டுமே காலைக் காப்பாற்றிவிடும் என்பதும் உண்மையல்ல. ஓர் அறுவைச் சிகிச்சைக்கும் அடுத்த அறுவைச் சிகிச்சைக்கும் இடையில் காயத்தைக் காவல் காப்பதே அதன் வேலை. அந்தக் காவலுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் குடும்பம் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே கால் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது.

கெடாவில் இந்தக் காயங்கள் எங்கிருந்து வருகின்றன?

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், பாலிங், சிக் என்று கெடாவின் தென்பகுதியில் வாழும் நம்மவர்களில் பலருடைய அன்றாட வாகனம் மோட்டார் சைக்கிள்தான். விடியும் முன் தோட்டத்துச் செம்மண் பாதையில் புறப்படுவோரும், ஷிப்ட் முடிந்து தொழிற்பேட்டையிலிருந்து இரவில் திரும்புவோரும் அதில்தான் போகிறார்கள். மலேசியாவின் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றோருடையவை. உயிர் தப்பியவர்களில் பலருக்கு அடிபடும் இடம் முழங்காலுக்குக் கீழே உள்ள கால். அங்கே எலும்பின் முன்பக்கத்தை மூடியிருப்பது தோல் மட்டும்தான். தசை மிகக் குறைவு. அதனால் எலும்பு உடைந்தால் எளிதில் தோலைக் கிழித்து வெளியே வந்துவிடும்.

சாலை மட்டும் காரணமல்ல. செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் உளியும், கவிழும் டிராக்டரும், வயலில் ஓடும் அறுவடை இயந்திரமும், தொழிற்சாலையில் கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரமும் இதே வகைக் காயங்களைத் தருகின்றன.

இப்படிப்பட்ட காயத்தைத் திறந்த காயம் என்கிறார்கள் மருத்துவர்கள். எலும்பும் உடைந்து, அந்த இடத்தில் தோலும் கிழிந்திருந்தால் அது திறந்த எலும்பு முறிவு. இதை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் அளவுகோலை குஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் 1976-இல் வெளியிட்டனர். 1 சென்டிமீட்டருக்கும் குறைவான, சுத்தமான கிழிசல் முதல் நிலை. அதைவிடப் பெரிதாக இருந்தும் தசை அதிகம் சிதையாதது இரண்டாம் நிலை. தசை நசுங்கி, தோல் பெரிதும் கிழிந்தது மூன்றாம் நிலை. அதிலும் எலும்பை மூட வேறு இடத்துத் தசை தேவைப்படுவது, ரத்தக் குழாயே அறுந்துபோவது என்று உட்பிரிவுகள் உண்டு.

தோட்டப்புற மக்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயலிலோ தோட்டத்திலோ மண் புகுந்த திறந்த முறிவு, பார்வைக்குச் சிறிதாக இருந்தாலும் மூன்றாம் நிலையாகவே கருதப்படுகிறது. “சின்னக் கிழிசல்தானே” என்று இரண்டு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மண்ணில் இருப்பது மண் மட்டுமல்ல

கெடா மண்ணுக்கு என்று ஒரு தனிச் செய்தியும் இருக்கிறது. வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது மெலியோய்டோசிஸ் என்ற நோய். காயத்தின் வழியாகவும் அது உடலுக்குள் புகும். அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரையிலான நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 16 பேருக்கு இந்நோய் கண்டதாகக் கூறியது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தார். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இனிப்பு நீர் இருந்தது.

ஆகவே வாய்க்காலிலோ வயலிலோ சகதியிலோ விழுந்து காயம்பட்டவர், எங்கே விழுந்தார் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இனிப்பு நீர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்ய அந்த ஒரு வரித் தகவல் உதவும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதும் அப்படித்தான்.

முதல் ஒரு மணி நேரம்

காலைக் காப்பாற்றும் வேலை மருத்துவமனையில் தொடங்குவதில்லை. விழுந்த இடத்திலேயே தொடங்குகிறது.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். அடிக்கடி துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய், பற்பசை எதையும் காயத்தில் கொட்டக் கூடாது. இவை ரத்தத்தை நிறுத்திவிட்டதுபோல் தோன்றலாம். ஆனால் மருத்துவர் பிறகு அறுவைக் கூடத்தில் ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டிய அழுக்கு அது.

காலை அசைக்காமல், பலகையோ கெட்டியான அட்டையோ வைத்துக் கட்ட வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவர வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் அது கெட்டுவிடும்.

999-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த டிவிஷன், எந்த பிளாக், எந்தப் பக்கத்து நுழைவாயில் என்று சொல்ல வேண்டும். ஒருவரை பெரிய சாலையில் நிறுத்தி ஆம்புலன்சுக்கு வழிகாட்டச் செய்தால், செம்பனை வரிசைகளுக்குள் சுற்றி வீணாகும் நிமிடங்கள் மிச்சமாகும். சிக், பாலிங் உட்புறங்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரம் பிடிக்கலாம். திறந்த முறிவுக்கு நோய்க்கிருமி எதிர்ப்பு ஊசியை இயன்றவரை ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கின்றன இன்றைய மருத்துவ வழிகாட்டிகள். அருகில் மாவட்ட மருத்துவமனை இருந்தால் முதலில் அங்கே போவது நேர விரயமல்ல. ஊசியைப் போட்டு, காயத்தை மூடி, காலைக் கட்டி அனுப்பும் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடிபட்ட காலின் பாதம் வெளிறியோ குளிர்ந்தோ இருந்தால், விரல்களில் உணர்வு இல்லாவிட்டால், அதை முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். ரத்தக் குழாய் அறுந்திருக்கலாம். ரத்தம் போகாத தசை ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

கத்தியும் தண்ணீரும்

மருத்துவமனையில் அடுத்து நடப்பதுதான் முழுச் சிகிச்சைக்கும் அடித்தளம். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, காயத்தைத் தேவையான அளவு திறந்து, செத்த தசையையும் மண்ணையும் பிடிப்பில்லாத எலும்புத் துண்டுகளையும் வெட்டி அகற்றுகிறார்கள். பிறகு உப்பு நீர்க் கரைசலை லிட்டர் கணக்கில் ஊற்றிக் கழுவுகிறார்கள். உடைந்த எலும்பு ஆடாமல் இருக்க, பல வேளைகளில் காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தப்படுகிறது.

“காயத்தை ஏன் உடனே தைக்கவில்லை? திறந்தபடியே விட்டுவிட்டார்களே!” என்பது குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி. நசுங்கிய தசையில் எது பிழைக்கும், எது சாகும் என்பது முதல் நாளில் முழுதாகத் தெரியாது. வீங்கிய காலை இழுத்துத் தைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல தசையும் கெடும். கிருமியும் உள்ளேயே மூடப்பட்டுவிடும். அதனால் ஓரிரு நாள் கழித்து மீண்டும் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். இரண்டாவது முறை, மூன்றாவது முறை அழைத்துப் போவது முதல் முறை தவறிவிட்டது என்பதால் அல்ல.

இந்த இடைப்பட்ட நாட்களில் திறந்த காயத்தை எப்படிப் பாதுகாப்பது? மெஷின் வருவது இங்கேதான்.

மெஷின் என்ன செய்கிறது?

மருத்துவர்கள் இதை எதிர்மறை அழுத்தக் காயச் சிகிச்சை என்பார்கள். வார்டில் எல்லாரும் ‘வேக்’ என்றே சொல்வார்கள். ஒரு நிறுவனத்தின் கருவிக்கு இட்ட பெயர் இன்று பொதுப்பெயராகிவிட்டது.

கழுவிச் சுத்தமான காயத்தின் பள்ளத்துக்கு ஏற்றபடி நுண்துளைகள் கொண்ட ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைக்கிறார்கள். அதன் மேலும் சுற்றியுள்ள நல்ல தோலின் மேலும் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தைக் காற்று புகாமல் ஒட்டுகிறார்கள். படலத்தில் சிறு துளையிட்டுக் குழாயைப் பொருத்தி மெஷினோடு இணைக்கிறார்கள். மெஷின் காற்றை இழுத்ததும் ஸ்பாஞ்சு சுருங்கிக் கெட்டியாகிறது.

வழக்கமாக வைக்கப்படும் அளவு 125. கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது 120, 80 என்று சொல்கிறார்களே, அதே அலகுதான் இது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அந்த அலகில் 760. அதிலிருந்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைக் குறைத்து வைக்கிறது மெஷின்.

இதனால் நான்கு நன்மைகள் கிடைக்கின்றன. காயத்தில் ஊறித் தேங்கும் நீர் வெளியேறுகிறது, வீக்கம் குறைகிறது. காயத்தின் ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. ஸ்பாஞ்சின் துளைகளில் சதை நுண்ணிய அளவில் இழுபடும்போது உயிரணுக்கள் தூண்டப்பட்டுச் சிவந்த புதுச் சதை துளிர்க்கிறது. நான்காவதாக, காயம் மூடியிருப்பதால் ஈயும் தூசியும் வார்டில் பரவும் கிருமியும் எளிதில் அண்டுவதில்லை.

டப்பாவில் சேரும் சிவந்த நீர் பெரும்பாலும் காயத்தில் ஊறும் நீரும் சிறிதளவு ரத்தமும்தான். அது வெளியேறுவது நல்லது. ஆனால் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வேகமாக ஓடினால் அது வேறு விஷயம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்பாஞ்சை வழக்கமாக 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். அந்தக் காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் ‘டிரசர்’ தினமும் மருந்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டுவார். மறுநாள் அது காயத்தோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது உயிர் போகும். அந்த வேதனையை வயதானவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். கட்டு மாற்றும் தடவைகள் குறைவதே இந்த முறையில் நோயாளிக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி.

மெஷினால் முடியாதவையும் உண்டு. செத்த தசையை அது அகற்றாது. காயத்தில் மண்ணை விட்டுவிட்டு அதன் மேல் மெஷினை வைப்பதில் பயனில்லை. கிருமியைக் கொல்லும் மருந்தும் அதில் இல்லை. மேல்சவ்வு உரிந்து வெறுமையாகத் தெரியும் எலும்பின் மேல் புதுச் சதையை வளர்க்கவும் அதனால் இயலாது. அதற்கு உடலின் வேறு இடத்திலிருந்து தசையையோ தோலையோ ரத்த ஓட்டத்தோடு எடுத்து மூட வேண்டும். அந்த அறுவையைச் செய்யும் நிபுணர்கள் எல்லா மருத்துவமனையிலும் இல்லை என்பதால் நோயாளியை வேறு ஊருக்கு மாற்றலாம். அங்கே இடம் கிடைக்கும் வரை காயத்தைக் காப்பதும் மெஷினின் வேலைகளில் ஒன்று.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இன்றைய வடிவிலான இந்தச் சிகிச்சையை அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த மருத்துவர் லூயிஸ் ஆர்ஜென்டாவும் ஆய்வாளர் மைக்கேல் மொரிக்வாஸும் 1997-இல் மருத்துவ இதழில் விவரித்தனர். அது வேகமாக உலகெங்கும் பரவியது. மெஷின் வாங்க வசதியில்லாத இடங்களில் வார்டுச் சுவரில் உள்ள உறிஞ்சு குழாயோடு ஸ்பாஞ்சையும் படலத்தையும் இணைத்து மருத்துவர்கள் இதே வேலையைச் செய்தார்கள்.

2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பெரிய நம்பிக்கையைத் தந்தது. 62 திறந்த முறிவுகளைப் பார்த்த அந்த ஆய்வில், சாதாரணக் கட்டுப் போட்டவற்றில் 28 விழுக்காட்டில் ஆழமான கிருமித் தொற்று ஏற்பட்டது. மெஷின் வைத்தவற்றில் அது 5.4 விழுக்காடு மட்டுமே.

பிறகு பிரிட்டனில் 24 மருத்துவமனைகள் சேர்ந்து கடுமையான திறந்த கால் முறிவுள்ள 460 பேரிடம் இதைச் சோதித்தன. அனைவருக்கும் காயம் முறையாகக் கழுவப்பட்டது. பிறகு ஒரு பாதிப் பேருக்கு மெஷின், மறு பாதிப் பேருக்குச் சாதாரணக் கட்டு. 2018-இல் முடிவு வெளியானது. ஆழமான தொற்று மெஷின் வைத்தவர்களில் 7.1 விழுக்காடு, சாதாரணக் கட்டில் 8.1 விழுக்காடு. ஓராண்டு கழித்து நடமாட்டத்திலும் அன்றாட வேலைகளிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதனால் மெஷின் வீண் என்று ஆகிவிடாது. உடனே மூட முடியாத பெரிய காயத்தைக் கையாள அது இன்றும் வசதியான வழி. ஆனால் காலின் கதியைத் தீர்மானிப்பது மெஷின் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. மருத்துவர் சாதாரணக் கட்டே போதும் என்று சொன்னால், “பக்கத்துக் கட்டில்காரருக்கு மெஷின் வைத்தார்களே, நமக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று மனம் உடைய வேண்டியதில்லை. அதற்காகக் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. காயம் முழுதாகச் சுத்தமாகிவிட்டதா? அடுத்த அறுவை எப்போது? எலும்பை எப்போது மூடுவீர்கள்?

காலை வைத்துக்கொள்வதா, எடுப்பதா?

சில குடும்பங்களுக்கு இதைவிடக் கடினமான கேள்வி காத்திருக்கும். “காலை எடுக்க வேண்டியிருக்கலாம்” என்று மருத்துவர் சொல்லும்போது, அது அவசரப்பட்டு எடுத்த முடிவோ என்ற சந்தேகம் வருவது இயல்பு.

இந்த முடிவுக்கு உலகம் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று தமிழ்நாட்டில் உருவானது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர் எஸ். ராஜசேகரனும் மருத்துவர் எஸ். ராஜா சபாபதியும் தங்கள் குழுவினரோடு, கடுமையாகச் சிதைந்த 109 கால்களை ஆராய்ந்து 2006-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை நரம்பு ஆகிய மூன்றுக்கும் சேதத்தின் அளவுப்படி தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். இனிப்பு நீர், முதுமை, காயத்தில் கழிவுநீர் அல்லது வயல் மண் கலந்திருப்பது போன்ற ஒவ்வொரு பாதகமான நிலைக்கும் கூடுதலாக 2 மதிப்பெண்.

மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ஐத் தொட்டால் பெரும்பாலும் காலை எடுப்பதே நல்லது. இடைப்பட்ட நிலையில் மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்து முடிவு செய்யும்.

கெடாவின் ஒவ்வொரு மருத்துவமனையும் இதே கணக்கைத்தான் போடும் என்பதல்ல. எதையெல்லாம் எண்ணிப் பார்த்து இந்த முடிவு எடுக்கப்படுகிறது என்பது குடும்பத்துக்குத் தெரிந்தால் மருத்துவரோடு நிதானமாகப் பேச முடியும். ஓராண்டில் பல அறுவைகள் செய்தும் ஊன்ற முடியாத காலைவிட, சில மாதங்களில் செயற்கைக் காலோடு வேலைக்குத் திரும்புவது சிலருக்கு மேலானதாக இருக்கும். சிலருக்கு இருக்காது.

சர்க்கரை, சிகரெட், பத்தியம்

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு இந்நோய் இருப்பதே, விபத்தில் அடிபட்டு வார்டில் ரத்தம் பரிசோதிக்கும்போதுதான் தெரிகிறது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் கிருமியோடு போராடும் அணுக்கள் தளர்கின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. எவ்வளவு நல்ல மெஷினை வைத்தாலும் காயம் துளிர்க்காது. வார்டில் இன்சுலின் போடும்போது “வீட்டில் மாத்திரைதானே, இங்கே ஏன் ஊசி?” என்று மறுக்கக் கூடாது. பார்க்க வருவோர் இனிப்புப் பானமும் பலகாரமும் கொண்டுவருவதை நிறுத்தினாலே அது பெரிய உதவி.

சிகரெட் காயத்துக்கு வரும் ரத்தத்தைச் சுருக்குகிறது. எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்துகிறது. வீல்சேரில் வெளியே தள்ளிக்கொண்டு போய் “ஒன்றே ஒன்று” என்று கொடுக்கும் நண்பர், தெரியாமலே தீங்கு செய்கிறார்.

காயம்பட்டவருக்கு முட்டையும் மீனும் கோழியும் ஆகாது, புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிர். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். காயத்திலிருந்து உறிஞ்சப்படும் நீரோடும் புரதம் வெளியேறுகிறது. ஆகவே முட்டை, மீன், கோழி, பருப்பு, தவ்வு, தெம்பே எல்லாம் சாப்பிடலாம். சைவர்களுக்குப் பருப்பும் பாலும் தவ்வும் போதிய பலம் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெஷின் அருகில் இருப்பவர் அறிய வேண்டியவை

சத்தம் எழுப்பினால் பயந்து சுவிட்சை அணைக்கக் கூடாது. படலத்தில் காற்றுக் கசிவு, டப்பா நிறைந்தது, குழாய் மடங்கியது, பேட்டரி குறைந்தது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். குழாயின் மேல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மிஸியை அழைக்க வேண்டும்.

நன்றாக வேலை செய்யும்போது ஸ்பாஞ்சு சுருங்கிக் கெட்டியாக இருக்கும். உப்பி மெத்தென்று ஆகிவிட்டால் உறிஞ்சுதல் நின்றுவிட்டது என்று பொருள். மெஷின் ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கக் கூடாது. நின்றால் ஈரமான ஸ்பாஞ்சே கிருமிக்குக் கூடாகிவிடும். அதை எடுத்துவிட்டு வேறு கட்டுப் போட வேண்டும். சிறிய மெஷினோடு வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள், மின்சாரம் நின்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

குழாயிலோ டப்பாவிலோ பளிச்சென்ற சிவப்பு ரத்தம் திடீரென ஓடினால் மெஷினை உடனே நிறுத்த வேண்டும். கட்டைப் பிரிக்காமல் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்கு அழைக்க வேண்டும். வீட்டில் நடந்தால் 999. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தச் சிகிச்சையில் நேர்ந்த மரணங்களைச் சுட்டி 2009-இலும் 2011-இலும் எச்சரிக்கை விடுத்தது. அவற்றில் மிகக் கடுமையானது ரத்தப்போக்கே. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சல், துர்நாற்றம், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, மருந்துக்கும் அடங்காத வலி, மரத்துப்போகும் விரல்கள் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த நாள் டாக்டர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

‘சொந்தப் பொறுப்பில்’ போகும் முன்

இரண்டு வாரம், மூன்று அறுவை. வேலை இல்லை, கையில் காசு இல்லை. பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. இந்த நிலையில்தான் சிலர் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, எலும்பு கட்டுபவரிடமோ எண்ணெய் மருந்துக்காரரிடமோ போகிறார்கள். மூடிய முறிவுக்கே அது சரியான வழியல்ல. திறந்த முறிவுக்கு அது காலைப் பணயம் வைப்பது. எலும்புக்குள் கிருமி புகுந்துவிட்டால் வருடக் கணக்கில் சீழ் வடியும். முதலில் தப்பியிருக்கக்கூடிய காலைப் பிறகு எடுக்க நேரிடும்.

பணக் கவலைக்கு ஓரளவு வழி இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கான கட்டணம் மிகக் குறைவு. கட்ட இயலாதவர்கள் வார்டிலேயே மருத்துவச் சமூகநலப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

சொக்சோவில் சந்தா கட்டும் தொழிலாளர் வேலையிடத்தில் அடிபட்டால் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. சொந்த வேலையாக வழிமாறிப் போயிருந்தால் சிக்கல் வரும். விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக இயலாமைக்காகத் தினச் சம்பளத்தின் சராசரியில் 80 விழுக்காடு கிடைக்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். சாலை விபத்தென்றால் போலீஸ் புகாரும் வேண்டும். ஒவ்வொரு மருத்துவ விடுப்புச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். 2019 ஜனவரி முதல் சட்டப்படி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தம்பிக்கு இது தெரியாமல் இருக்கலாம். சொல்லிவிடுவது நல்லது.

மெஷினைக் கழற்றிய நாளோடு சிகிச்சை முடிவதில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது, எலும்புக்கு உள்ளே கம்பி பொருத்துவது, இறுகிய மூட்டை அசைக்கும் பயிற்சி என்று மாதங்கள் நீளும். மறுவாழ்வுப் பயிற்சிக்காக மலாக்காவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. தகுதியுள்ள சந்தாதாரர்கள் சொக்சோ அலுவலகத்தில் அதைப் பற்றிக் கேட்கலாம்.

பயிற்சிக்கு வரச்சொன்ன தேதிகளில் பாதியை விட்டுவிடுவோர் பலர். வண்டி இல்லை, கூட்டிப்போக ஆள் இல்லை என்பதே காரணம். தோட்டத்திலோ தாமானிலோ கார் வைத்திருக்கும் ஒருவர் வாரம் ஒருநாள் அந்த உதவியைச் செய்தால், அதுவும் அந்தக் காலைக் காப்பாற்றும் சிகிச்சையில் சேர்த்திதான்.